பைப் கடைக்காரர் எம்.எல்.ஏ. ஆன வருஷம்

பைப் கடைக்காரர் பிழைக்க வந்தபோது இந்த ஊர்ப் பேச்சு அவருக்குத் தெரியாது. ஆணி, குழாய், பூட்டு என்று சாமான் பெயர்களில் தொடங்கித்தான் கற்றுக்கொண்டார். இருபத்தாறு வருஷம் கழித்து, கவுன்சிலராகி மாநகராட்சிக் கூட்டத்தில் முதல் தடவை பேசி முடித்தபோது, பழக்கதோஷத்தில் "வேற என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டார். மேயரே சிரித்துவிட்டார்.

அவரைக் கவுன்சிலராக்கியது கடைக்குப் பின்னாலிருக்கும் எங்கள் நாற்பது வீடுகள்தான். ஒரு கோடையில் தெருக்குழாய் வெடித்து, ஒன்பது நாளாக ஒருவரும் எட்டிப் பார்க்காதபோது, கடையிலிருந்து குழாயைச் சுமந்துவந்து சேற்றில் முட்டிபோட்டு மாட்டியவர் அவர். அதை யாரும் மறக்கவில்லை.

கடைக்காரர்கள் வந்தவரிடம் 'இல்லை' என்று சொல்லமாட்டார்கள். சாமான் இல்லாவிட்டாலும் 'வந்துரும்' என்பார்கள். பதவிக்கு வந்த பிறகும் அவருக்கு அந்த வாய் மாறவில்லை.

சாலையை அகலமாக்க எங்கள் வீடுகளை இடிக்கப்போவதாக நோட்டீஸ் வந்தது. ஆட்சேபணையை முப்பது நாளுக்குள் எழுதித் தர வேண்டும். அம்மா கடைக்கு ஓடினாள்.

"அண்ணே, எழுதிக் குடுக்கணுமா?"

"நான் எதுக்கு இருக்கேன்? பாத்துக்கலாம், போம்மா."

நாற்பது வீட்டுக்கும் அதே பதில். ஒருவரும் எழுதவில்லை. அவர் அதிகாரியிடம் வாயால் சொன்னார், அதிகாரி தலையாட்டினார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. கடையில் எல்லாமே வாய்வார்த்தையில் நடந்ததுதானே. முப்பத்தோராம் நாள் அதே அதிகாரி கோப்பைப் புரட்டினார்.

"ஒரு ஆட்சேபணைகூட வரலியே சார். இனி மந்திரி நெனச்சாத்தான் இடிக்கறது நிக்கும்."

கடைக்காரரின் மனைவி அன்று கடையிலேயே வைத்துக் கேட்டாள்: "இல்லாத சாமானைத்தான் வந்துரும் வந்துரும்னு சமாளிச்சீங்க. ஊரான் வீட்டையுமா?"

இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை. எம்.எல்.ஏ. இறந்து இடைத்தேர்தல் வந்திருந்தது. மந்திரியின் கதவைத் திறக்க அவருக்கு வேறு சாவி தெரியவில்லை. கட்சி ஆபீசில் மூன்று நாள் பழியாய்க் கிடந்து சீட் வாங்கினார்.

பிரசாரத்தில் ஒருவன் கத்தினான்: "நீ எந்த ஊர்க்காரன்யா?"

"உன் வீட்டுக் குழாய்கிட்ட எந்த ஊருன்னு கேட்டியாப்பா?"

கூட்டம் கைதட்டியது.

முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். பதவியேற்ற மறுநாளே மந்திரியின் அறைக்குப் போய் எங்கள் வீடுகளைப் பற்றிச் சொன்னார்.

"என்னங்க இது, அந்த ரோடு நம்ம வாக்குறுதி. உங்க பிரசார நோட்டீஸ்லயே நாலாவது வரியில இருக்கே, படிக்கலியா?"

பேச்சு பழகியவருக்கு எழுத்து இன்னும் திக்கித் திணறித்தான் வரும். அவர் படிக்கவில்லை. அதை வீடு வீடாகக் கொடுத்த நாங்களும் அவர் படத்தைத்தான் பார்த்தோம்.

சலவைச் சட்டை கசங்க நேரே எங்கள் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றார். திங்கட்கிழமை இடிக்க இயந்திரம் வரப்போகிறது. அம்மாவும் நானும் பீரோவை நகர்த்திக்கொண்டிருந்தோம்.

"அண்ணே, சொல்லுங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சரி, அந்தப் பக்கம் புடிங்க. ரெண்டு பேரால தூக்க முடியல."

சட்டைக்கையை மடித்துவிட்டுப் பிடித்தார். மூன்று பேருமாகத் தெருவுக்குக் கொண்டுவந்தோம்.

"எங்க வைக்கிறதும்மா?" என்றார், மூச்சு வாங்க.

அம்மாவுக்கும் தெரியவில்லை. இறக்காமலே நின்றோம்.