ஏழாம் நம்பர் பூட்ஸ்

“சார், பைய எறக்கி வைங்க. இடுப்புப் பட்டைய இப்பிடித் தொங்க வுட்டுட்டு மொத்த வெயிட்டயும் தோள்ல தூக்குனா கழுத்து இன்னாத்துக்கு ஆவும்?”

மாத்திரைச் சாம்பிள்களைச் சுமந்துகொண்டு சிதம்பரம் போகிற மருந்துக் கம்பெனிக்காரர், ஒன்றும் புரியாமல் பையை இறக்குகிறார். நடத்துநர் ராஜவேல் விசிலை வாயில் கவ்வியபடியே பட்டைகளை இழுத்து, தளர்த்தி, இடுப்பெலும்பின் மேல் கொக்கியை மாட்டிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்து பார்க்கிறார். “பாதி வெயிட்டு காணாமப் பூடுச்சா?” என்று கேட்கிறார். டிக்கெட்டெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கடலூரிலிருந்து காலை ஆறு பத்துக்குக் கிளம்பும் அந்தத் தனியார் பேருந்தில், பெரிய பையோடு ஏறுகிற யாரும் அவரிடமிருந்து தப்ப முடியாது. அவருடைய தோல் பை தொங்குவதே மலையேறிகள் கயிற்றில் மாட்டுகிற அலுமினியக் கொக்கியில்தான். அது இருபது ஆளைத் தாங்கும் என்பார். நாலு கட்டு டிக்கெட் ரோலும் ஒரு விக்ஸ் டப்பாவும் இருக்கிற பைக்கு அவ்வளவு பலம் எதற்கு என்று ஓட்டுநர் அய்யனார் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்.

ராஜவேலுக்கு வயது ஐம்பத்து மூன்று. செஞ்சிக் கோட்டைக்குக் கணக்கில்லாமல் போயிருக்கிறார். பர்வதமலை இரண்டு முறை. அதற்கு மேல் இல்லை. ஆனால், ‘கடலூர் மலையேறிகள்’ என்ற வாட்ஸப் குழுவில் இமயமலைக்குப் போகிறவர்கள் எல்லாம் இவரிடம் கேட்டுவிட்டுத்தான் ஒரு சாக்ஸ்கூட வாங்குகிறார்கள். கடலூரில் ஏது மலை என்று கேட்டுவிடக் கூடாது. கேப்பர் மலை இருக்கிறது. மலை என்பது மரியாதைக்குச் சொல்வது, செம்மண் மேடு. ஞாயிற்றுக்கிழமை விடியலில், முந்திரி மரங்களுக்கு நடுவே, முதுகுப் பைக்குள் முழுப் பலாப்பழத்தை வைத்துக்கொண்டு ஒருவர் அந்த மேட்டில் ஏறி இறங்கி ஏறினால், அவர் பையைச் சோதித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். பழம் மனைவியின் ஊரான காடாம்புலியூரிலிருந்து வரும். “முள்ளு முதுகுல குத்தலன்னா பேடிங் நல்லாருக்குன்னு எழுதிடுவேன்” என்பார். பிறகு அந்தப் பழத்தை அறுத்து அண்டை வீடுகளுக்கெல்லாம் கொடுப்பார்கள். அவர்களும் எந்தக் கம்பெனிப் பை என்று விசாரித்துவிட்டுத்தான் சுளையை வாயில் போடுகிறார்கள்.

கையுறை என்றால் துறைமுகத்துக்குப் போவார். மீனுக்குக் கொட்டிவைத்திருக்கும் ஐஸில் கையுறை போட்ட கையைப் பத்து நிமிடம் புதைத்துவிட்டு, எந்த விரல் முதலில் மரத்தது என்று குழுவில் எழுதுவார். பனி என்று அவர் தொட்டது அது ஒன்றைத்தான். மீன்காரப் பெண்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது பெட்டியை அவர்களே நகர்த்திக் கொடுக்கிறார்கள்.

குழுவில் அவரோடு மல்லுக்கு நிற்பவர் பண்ருட்டி முந்திரி வியாபாரி தமிழ்மணி. ஊன்றுகோல் ஒன்று போதும் என்பார் இவர். இரண்டு வேண்டும் என்பார் அவர். தோல் பூட்ஸ்தான் பூட்ஸ் என்பார் அவர். “தோலு நனைஞ்சா காய ரெண்டு நாளு மச்சான், அதுவரிக்கும் மலை ஒனக்காக நிக்குமா?” என்பார் இவர். பருத்தி பனியன் மட்டும் கூடாது என்பதில் இருவரும் ஒரே கட்சி. உச்சிக் குளிரில் நனைந்த பருத்திதான் முதல் எமன்.

இவ்வளவு தெரிந்தவர் போகவில்லையே என்றால், போக நினைக்காமல் இல்லை. ஒரு வருடம் புயல். ஒரு வருடம் கொரோனா. ஒரு வருடம் மகள் கல்யாணம். எட்டு வருடத்துக்கு முன் ஒரே மாதிரி இரண்டு ஜோடி பூட்ஸ் வாங்கினார். ஏழாம் நம்பர், ஆள் உயரத்துக்குக் கால் சிறிது. ஒரு ஜோடி இரவல் ஜோடி. அளவு பொருந்துகிற யார் கேட்டாலும் கொடுப்பார். பதிலுக்கு அவர் கேட்பது ஒன்றே ஒன்று: “எங்க கடிச்சிது, எங்க தண்ணி பூந்துது, அத மட்டும் வந்து சொல்லணும்.” அந்த ஜோடி ஐந்து பேர் காலில் ஐந்து மலை பார்த்துவிட்டது. அதன் விளிம்பில் ஒட்டியிருந்த லடாக் மண்ணை அவர் கழுவவே இல்லை.

இன்னொன்று அவருடைய ஜோடி. பிளாஸ்டிக் உறை போட்டு, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் வைத்து, பீரோவின் மேல் தட்டில் உறங்கியது. ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே வரும். டிக்கெட் மெஷின், விசில் பக்கத்தில் அதற்கும் சந்தனம், குங்குமம். “செருப்புக்கெல்லாமா பொட்டு வைப்பாங்க?” என்பார் மனைவி புஷ்பவள்ளி. சொல்லிக்கொண்டே அவர்தான் வைப்பார்.

இந்தச் சித்திரையில் எல்லாம் கூடி வந்தது. பதினாலாயிரம் அடியில் ஒரு பனிச் சிகரம். வைகாசி முதல் வாரம் பயணம். ரயிலில் இடமும் உறுதி. புது பூட்ஸோடு யாரும் மலைக்குப் போகக் கூடாது, மூன்று வாரமாவது ஊரில் நடந்து பழக்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்கிறவர், தானும் சரியாக மூன்று வாரம் முன்பு உறையைப் பிரித்தார். குங்குமத்தைத் துடைத்துக் காலில் மாட்டிக்கொண்டு கேப்பர் மலைக்குப் போனார். இரண்டாவது ஏற்றத்தில் வலது அடிப்பாகம் கழன்றது. குனிந்து தொட்டால், பழைய பொட்டுக்கடலை உருண்டை போல உள்ளே இருந்த நுரை விரலில் உதிர்ந்தது. இடதும் அப்படியே. வெறுங்காலோடு வீடு வந்து சேர்ந்தவர் முன்னால் புஷ்பவள்ளி காபியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

“நடந்துகினே இருந்தாதான் மாமா அது நல்லாருக்கும்” என்றார் தமிழ்மணி தொலைபேசியில். “கடக்காத்துல மூடி வச்சா உள்ளயே மக்கிப்பூடும். யாராச்சும் எட்டு வருசம் போடாம வைப்பாங்களா?” தமிழ்மணி கேலி செய்யவில்லை. அதுவே ராஜவேலுக்கு இன்னும் வலித்தது. தானே எல்லோருக்கும் சொல்லியிருக்க வேண்டிய விஷயம். ஆனால் பூட்ஸை இப்படிப் பூட்டிவைத்த ஆள் குழுவில் வேறு யாரும் இல்லாததால், அந்தக் கேள்வி அவரிடம் வந்ததே இல்லை.

இனிப் புதிது வாங்கினால் பழக்க மூன்று வாரம் இருக்காது. பழகிய ஏழாம் நம்பர் என்று மிச்சம் இருந்தது அந்த இரவல் ஜோடிதான். அது காயத்ரியிடம் இருந்தது.

காயத்ரி மஞ்சக்குப்பத்துப் பெண். சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மார்கழியில் அதே பூட்ஸில் ஒரு பனிமலை ஏறி வந்தாள். அடுத்த பயணமும் வைகாசியில்தான் என்பதால், கால் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க வேலைக்கே அதைப் போட்டுக்கொண்டு வருகிறாள். அதுவும் ஆறு பத்து பேருந்தில். ஆக, தினமும் முன்பக்க இருக்கைக்குக் கீழே தன்னுடைய பூட்ஸ் ஆடி ஆடி வருவதை ராஜவேல் பார்த்துக்கொண்டே டிக்கெட் கிழித்தார். கேட்க வாய் வரவில்லை. முதல் நாள், “லேசு லூசா இருக்கு பாரும்மா” என்றார். இரண்டாம் நாள் அதுவும் இல்லை.

“ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ற. ஒனக்குன்னா வாயில கொழுக்கட்டை” என்றார் புஷ்பவள்ளி. “குடுத்தத திரும்பக் கேக்கறதுக்கு இன்னா வெக்கம்? இந்த வருசம் போவலன்னா அப்பறம் நீ போவப்போறதில்ல. எனக்குத் தெரியும், ஒனக்கும் தெரியும்.”

இந்தப் பேருந்துக்கு வழியில் ஒரு சடங்கு உண்டு. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் தாண்டி, பி.முட்லூருக்கு அப்புறம் வெள்ளாற்றுப் பாலம் வரும். தட்டையான அந்தச் சாலையில் ஏற்றம் என்று சொல்ல அது ஒன்றுதான். பாலம் ஏறத் தொடங்கியதும் ராஜவேல் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவார். மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிழக்கே பார்ப்பார். அந்த நேரத்தில் ஆற்றின் மேல் வெளிச்சம் கரைந்து நிற்கும். கடலுக்கு மேலே மேகங்கள் வெள்ளை முகடுகளாக வரிசை கட்டியிருக்கும். மூச்சைக்கூட அவர் அளந்துதான் விடுவார். “உச்சி வந்துடுச்சி மச்சான், கொடி நட்டுடலாமா?” என்பார் அய்யனார், ஒவ்வொரு நாளும். கேலிதான். ஆனால் அந்த இடத்தில் மட்டும் வண்டியைக் கொஞ்சம் மெதுவாகவே விடுவார்.

நான்காம் நாள், புதுச்சத்திரம் தாண்டியதும் ராஜவேல் காயத்ரியின் இருக்கைப் பக்கம் வந்து நின்றார்.

“எங்கம்மா கடிக்குது?”

“எடது குதிகால்ல மட்டும்ணா. ஏறும்போது மேல் கொக்கிய வுட்டுட்டா செரியாயிடுது.”

“செரி.” அவர் கம்பியைப் பிடித்த கையை மாற்றினார். “காயத்ரி, அது எனக்கு வேணும்மா. நான் போறேன்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எட்டு வருடமாக எல்லோரையும் வழியனுப்பிய ஆள். அவள் குனிந்து லேசைப் பிரித்தாள். பையிலிருந்து வார்டில் போடுகிற ரப்பர் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு, பூட்ஸை அவரிடம் நீட்டினாள்.

“ஒனக்கு?”

“கீழ்முகாம்ல வாடகைக்குத் தருவாங்கண்ணா.”

“வாடகை பூட்ஸுன்னா அர சைஸு பெருசா எடு. கம்பளி சாக்ஸ் ரெண்டு போடு, நானே தரேன். முன்னாடி வெரல் முட்டுதான்னு எறக்கத்துல நடந்து பாத்துட்டு வாங்கு.”

“நீங்களும் வந்து சொல்லணும்ணா” என்றாள் அவள். “எங்க கடிச்சிதுன்னு.”

படிக்குப் பக்கத்து ஒற்றை இருக்கையில் உட்கார்ந்து, காக்கிக் கால்சட்டைக்குக் கீழே ராஜவேல் பூட்ஸை மாட்டிக்கொண்டார். உள்ளே இன்னும் சூடு இருந்தது. வண்டி பாலத்தில் ஏறியது. அய்யனார் கண்ணாடியில் ஒரு முறை பார்த்தார். இன்றைக்குக் கொடியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கியரைக் குறைத்தார்.

ராஜவேல் இடது காலின் மேல் கொக்கியிலிருந்து லேசை விடுவித்தார். எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாலத்தின் நடு உயரம் வரைக்கும் மேகங்களைப் பார்த்தபடி நின்றார். வண்டியின் மூக்கு சிதம்பரம் பக்கம் சாயத் தொடங்கியது. இறங்கும்போது விரல் முன்னால் முட்டாமல் இருக்க, அவர் குனிந்து இரண்டு கால் லேசையும் இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டார்.