ஊர் பெயர் இல்லாத மனு

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கஸ்தூரிக்கு வாய் கொஞ்சம் நீளம். திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு டைப் அடிக்க வருகிறவர்கள் அவளிடம் திட்டு வாங்காமல் போக முடியாது. “ஊர் பேரு, தாலுக்கா, சர்வே நம்பர் எல்லாம் சொல்லுங்க. பொத்தாம்பொதுவா ‘பாதை வேணும்’னு போட்டா கலெக்டர் எந்த ஊர்ல பாதை போடுவாரு?” என்பாள்.

அவளுக்கு ஒரே பிள்ளை, செழியன். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தவன். வேண்டிக்கொண்டபடியே கரும்புத் தொட்டிலில் போட்டு அவளும் புருஷனும் கோயிலைச் சுற்றித் தூக்கி வந்த பிள்ளை. புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. பிள்ளையோ லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு தேசம் தேசமாகப் போகிறான். வியட்நாமில் மூன்று மாதம், ஜார்ஜியாவில் மூன்று மாதம். கம்பெனிக்கு வேலை நடந்தால் போதும், ஆள் எங்கே இருந்தால் என்ன? டிஜிட்டல் நோமாட் என்று அதற்கு ஒரு பெயர் வேறு. “அப்படின்னா இன்னாடா?” என்று கேட்டதற்கு, “நாடோடிம்மா” என்று சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊர் ஊராகப் போய்க் கூடாரம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அவள் எத்தனையோ பட்டா மனு அடித்துக் கொடுத்திருக்கிறாள். வாசகம் மனப்பாடம். மகனுக்கும் அதையே எடுத்துக்கொண்டாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி விடிகாலையில் கிளம்பி மலையைச் சுற்றிவிட்டு, ராஜகோபுரத்துக்கு எதிரே நின்று, “நாடோடியா திரியற எம்புள்ள ஓரிடத்தில் நிலையாக வாழ வழிவகை செய்யணும் சாமி. செஞ்சா முடி எறக்கறேன்” என்று வேண்டிக்கொண்டாள். பதினெட்டு பௌர்ணமி. முட்டி இரண்டும் வீங்கிப்போயின.

அதற்குள் செழியன் தென் அமெரிக்காவில் லா பாஸ் என்ற ஊருக்குப் போயிருந்தான். பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில் ஒரு நகரம். நம் மலையை ஒன்றன் மேல் ஒன்றாக நாலு வைத்தாலும் எட்டாது. பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்கும். குக்கரில் வைக்காவிட்டால் சோறு வேகாது. கடைக்குப் போவதற்கே கம்பியில் தொங்கும் பெட்டியில் ஏற வேண்டும். முதல் வாரம் தலைவலியில் சுருண்டு கிடந்தான். இந்த ஊர் இவனுக்கு ஒத்துக்கொள்ளாது, திரும்பிவிடுவான் என்று கஸ்தூரி சந்தோஷப்பட்டாள். பெற்ற பிள்ளையின் தலைவலியில் சந்தோஷப்பட்டாள், என்ன செய்வது!

ஒரு நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் வீடியோவில் கூப்பிட்டான். அங்கே காலை ஒன்பது மணி.

“அம்மா, இனிமே ஊர் ஊரா சுத்தப் போறதில்ல. ஒரே எடத்துல நிலையா இருக்கப் போறேன்.”

கஸ்தூரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. “எப்படா வர? எந்த பிளைட்டு?”

“வரலம்மா. இங்கதான். தங்கறதுக்கு பேப்பர் வந்துடுச்சு, வீடும் பாத்துட்டேன்.” போனைத் திருப்பிக் காட்டினான். ஜன்னல் நிறைய பனி மூடிய மலை. “பாரு, எங்க நின்னாலும் மலை தெரியுது. நம்ம ஊர் மாதிரியே இருக்கும்மா.”

“நல்லா இருப்பா” என்றாள்.

மறுநாள் பக்கத்துக் கடை பாஞ்சாலையிடம், “ஊர் பேரு போட மறந்துட்டேன்டி” என்று சொல்லி, ஜெராக்ஸ் மிஷின் மேல் தலையை வைத்து அழுதாள்.

“மறுபடியும் வேண்டிக்கோக்கா. இந்தத் தடவ ஊர சேத்து சொல்லு.”

“கேட்டத குடுத்துட்டாரு. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு இன்னொண்ணு கேக்கறது? அதுவும், அவன் அங்க சந்தோஷமா கீறான்டி. அத கெடுன்னா வேண்டிக்க முடியும்?”



அடுத்த பௌர்ணமியன்று முடி இறக்கப் போனாள். ஐம்பத்தெட்டு வயதிலும் இடுப்பைத் தொடும் முடி. முடி எடுப்பவர் தண்ணீர் தெளித்துத் தலையை நனைத்தார்.

“யாருக்கும்மா வேண்டுதல்?”

“எம்புள்ளைக்குங்க.”

“நெறவேறிடுச்சா?”

“நெறவேறிடுச்சுங்க” என்று சொல்லி, கஸ்தூரி தலையைக் குனிந்து கொடுத்தாள்.