இடி விழாத டவர்

தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் வேலை நேரமெல்லாம் கோகிலனுக்கு அத்துப்படி. அந்தத் தோட்டத்து லயத்து வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவன். இப்போது தானா ராத்தா டவுனில் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில் வேலை. தோட்டத்து வீடுகளுக்கு லைன் கொடுக்க மலைமேல் நிற்கும் டவர் அவன் பொறுப்பு. அதில் எதையாவது மாற்றுவதென்றால் மத்தியானம், பறித்த கொழுந்தை நிறுக்கும் நேரம் பார்த்துத்தான் மாற்றுவான். எல்லாரும் நிறுவையில் நிற்கும்போது வீட்டில் இன்டர்நெட்டை யார் தேடப்போகிறார்கள்? வீட்டிலிருக்கும் பிள்ளைகள் அவன் நினைப்பில் வந்ததே இல்லை.

அன்றும் ஆபீசில் உட்கார்ந்தபடியே பக்கத்து ஊரான பிரிஞ்சாங் டவரின் செட்டிங்கை எடுத்துத் தோட்டத்து டவரில் போட்டான். ஒரே ஓர் எண்ணை மாற்ற மறந்தான். லைன் செத்தது, சரிசெய்ய அவன் உள்ளே போகும் வழியும் அதோடு அடைபட்டது. தப்பாகப் போட்டால் பத்து நிமிடத்தில் பழைய செட்டிங்குக்குத் தானே திரும்பும் வசதி ஒன்று உண்டு. அவசரக்குடுக்கை அதைப் போடவில்லை. இத்தனை வருடத்தில் தேவைப்பட்டதே இல்லையாம்!

வேனை எடுத்துக்கொண்டு ஓடினான். பள்ளி விடுமுறை, வழியில் கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்கள் நகரவில்லை. டவரைச் சரிசெய்து மலையிறங்கும்போது மணி நாலு.

கீழே கொழுந்து பறிக்கும் குமுதா நின்றிருந்தாள். "டவர்ல இடி விழுந்துருச்சாப்பா?"

தூரத்தில் உறுமிக்கொண்டுதான் இருந்தது. கோகிலன் தலையாட்டிவிட்டான்.

"எம்மக ரூபினிக்கு மூணு மணிக்கு டீச்சர் டிரெய்னிங் இன்டர்வியூ, போன்ல வீடியோ போட்டு. மானம் இருட்டுது, டவுனுக்குப் போய் ஒக்காருடின்னு தலப்பாடா அடிச்சிக்கிட்டேன். லைன் நல்லாத்தாம்மா இருக்குன்னா. இப்பப் பாரு லா, கெடுத்துக்கிட்டா!"

அவள் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தான்.

ஐந்தாம் நாள் ரூபினியே ஆபீசுக்கு வந்தாள். அப்பீல் போடலாமாம், லைன் ஏன் போனதென்று கம்பெனிக் கடிதம் வேண்டும்.

"இடின்னு எழுதினாப் போதும்ணே. என் தப்புதான். அம்மா அப்பவே சொன்னாங்க." கண் வீங்கியிருந்தது.

இடி என்று எழுதினால் அவன் வேலை தப்பிக்கும். ஆனால் தன் தப்பை இந்தப் பிள்ளை தலையில் கட்டிவிட்டு நிற்கிறோமே என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது. கடிதத்தைத் தட்டினான்: இடி விழவில்லை. ஊழியர் கோகிலன் தவறான செட்டிங் போட்டார். தானே திரும்பும் வசதியையும் போடவில்லை. இனி அதைப் போடாமலும், வீடுகளுக்கு முன்கூட்டிச் சொல்லாமலும் எந்த மாற்றமும் செய்யப்படாது.

முதலாளி ஜெகதீஸ்வரன் படித்தார், அவனை நிமிர்ந்து பார்த்தார். "ஒன்கிட்ட அப்புறம் பேசிக்கிறேன்." கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ரூபினி இரண்டு தடவை படித்தாள். அவனைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அப்போ நான் வீட்லயே இருந்தது தப்பில்லையாண்ணே?"

"இல்லம்மா. தப்பு முழுசும் என்னுது."

"அம்மாகிட்ட நீங்களே வந்து சொல்றீங்களா?"

கோகிலன் மணியைப் பார்த்தான். கொழுந்து நிறுக்கும் நேரம். குமுதாவும் தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் நிறுவையில்தான் இருப்பார்கள். வேன் சாவியை எடுத்தான்.