கேட்காமல் போன பூக்கொத்தி

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம் முன்பு, எங்கள் ஆராய்ச்சி மேடம் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

"ராஜூ அண்ணா, உங்க லைன்ல பூக்கொத்தி குறைஞ்சுட்டே வருதுங்க. ரிப்போர்ட்ல போட்டுடலாமுங்களா?"

"போட்டுடலாமுங்க" என்றேன். நாடுகாணிக் காட்டைப் பற்றி என்னைக் கேட்டுத்தான் எழுதுவார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

எங்கள் வேலைக்கு லைன் டிரான்செக்ட் என்று பேர். விடிந்ததும் ஒரே பாதையில் மெதுவாக நடந்து, பார்த்த பறவை, சத்தம் கேட்ட பறவை, அது எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று ஷீட்டில் குறிக்க வேண்டும். அதிலிருந்துதான் அடர்த்தியைக் கணக்கிடுவார்கள். பூக்கொத்தி கட்டைவிரல் அளவுக் குருவிதான், உச்சிக்கிளையில் இருக்கும். பெரும்பாலும் 'டிக் டிக்' என்ற மெல்லிய சத்தத்தை வைத்தே எழுதுவோம்.

மறுநாள் லைன் நடக்கையில், யானை வந்தால் எச்சரிக்க என்னோடு வந்தவர் வனத்துறை வாட்சர் வேலாயுதன். ஒரு நாவல் மரத்தடியில் நின்றார்.

"ஏனுங்க, இதை எழுதலீங்களா?"

"எதைங்க?"

"தலைக்கு மேலயே கத்துதுங்களே, பூக்கொத்தி."

காதைக் கொடுத்தேன். ஓடைச் சத்தம் கேட்டது. தூரத்தில் சீகாரப் பூங்குருவியின் விசில்கூடக் கேட்டது. பைனாகுலரைத் தூக்கினேன். பூக்கொத்தி அங்கேதான் இருந்தது. அலகு திறந்து திறந்து மூடியது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மிச்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தேன். காது போய்விட்டது என்று சொன்னால் இந்தக் காட்டுக்குள் என்னை எதற்கு விடுவார்கள்? சொல்லாவிட்டால், இருக்கிற பறவை இல்லை என்று அச்சாகிவிடும்.

அன்று மத்தியானமே மேடத்திடம் சொன்னேன்.

"எப்ப இருந்துங்கண்ணா?"

"தெரியலீங்க மேடம். அதுதான் பயமா இருக்குது."

கூடலூர் டாக்டர், வயதானால் இந்த மாதிரிக் கீச்சுச் சத்தம்தான் முதலில் போகும் என்றார். மேடம் என் பழைய ஷீட்டுகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, வேலாயுதனை அதே லைனில் நடக்கவிட்டார். பூக்கொத்திகள் முன்போலவே இருந்தன. பூக்கொத்தி குறைகிறது என்ற பத்தி ரிப்போர்ட்டில் வரவில்லை. என்னை யாரும் அனுப்பிவிடவும் இல்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். குறை தெரிந்த அன்றே சொல்லிவிடுங்கள்.

கடைசி மூன்று வருஷமும் வேலாயுதன் முன்னால் நடந்து, சத்தம் வரும் பக்கம் கையைக் காட்டுவார். நான் பின்னால் நின்று எழுதுவேன். ஒரு பூக்கொத்தியின் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அத்தனையும் என் கையெழுத்தில்தான் இருக்கின்றன.