நாகலூருக்கு வராத மெசேஜ்

1. பச்சைப் புள்ளிகள்

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தேடிப் போவதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஒரு மொபைல் கம்பெனியின் சேலம் அலுவலகத்தில் டிரைவ் டெஸ்ட் இன்ஜினியர் வேலை. ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்து, அதில் போன்களைச் சொருகிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும். வழியில் எங்கே எவ்வளவு சிக்னல் இருக்கிறது என்று போன்கள் அளந்துகொண்டே வரும். லேப்டாப்பில் இருக்கும் மேப்பில் அது புள்ளி புள்ளியாக விழும். நல்ல சிக்னலுக்குப் பச்சை, சுமாருக்கு மஞ்சள், ஒன்றுமே இல்லாத இடத்துக்குச் சிவப்பு.

இப்போது புதிதாக வருகிற பிள்ளைகளை ஜீப்பில் அனுப்பிவிட்டு நான் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கீழே சேலத்தில் அந்த வேலை வெறும் வேலை. வெயில், ஹாரன், டீ. ஏற்காடு மலையில் மட்டும் அது எனக்குக் கனவில் நடப்பதுபோல இருக்கும். பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து கீபோர்டின் மேல் ஈரமாக உட்காரும். பத்தடிக்கு அப்பால் ரோடு தெரியாது. சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாக வந்து ஒவ்வொன்றாக மறையும். எதுவுமே தெரியாத அந்த வெள்ளைக்குள் லேப்டாப்பில் மட்டும் பச்சைப் புள்ளிகள் வரிசையாக விழுந்துகொண்டிருக்கும். ஊரே கரைந்துபோய்விட்டாலும் சிக்னல் இருக்கிறது என்று தோன்றும். வயதான பிறகு இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை: அந்த வேலையை நான் காதலித்தேன்.

நான் சொல்ல வந்த நாளில், காப்பியைப் பூக்கவைக்கும் பூ மழை பெய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. காப்பிச் செடிகள் எல்லாம் பூத்திருந்தன. ஜீப்புக்குள் அந்த வாசனை நிறைந்து, டிரைவர் மணி இரண்டு தடவை கொட்டாவி விட்டார்.

அந்த மலையில் இருக்கும் நாகலூர்ப் பள்ளத்தில் எங்கள் கம்பெனிக்கு டவர் கிடையாது. வேறொரு கம்பெனிக்கு உண்டு. இரண்டு கம்பெனியும் ஓர் ஒப்பந்தம் போட்டன. எங்கள் சிம் வைத்திருப்பவர்கள் அங்கே அவர்களுடைய டவரில் பேசிக்கொள்ளலாம். இதற்கு இன்ட்ரா சர்க்கிள் ரோமிங் என்று பெயர். பக்கத்து வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொள்வது போலத்தான். கிணறு அவர்களுடையது, குடம் நம்முடையது. செவ்வாய்க்கிழமை இதைத் திறக்கப் போகிறார்கள், அதற்கு முன் நான் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

சோதனைக்கு ஒரு செக்லிஸ்ட் உண்டு. வெளியே போகும் கால், உள்ளே வரும் கால், இன்டர்நெட், வெளியே போகும் மெசேஜ், உள்ளே வரும் மெசேஜ். உள்ளே வரும் கால் சரியா என்று நான் தனியாகச் சோதிக்க வேண்டியிருக்கவில்லை. “முடிஞ்சுதாம்மா?” என்று என் மேனேஜர் அரைமணிக்கு ஒருமுறை கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மெசேஜ் அனுப்பச் சொல்லி வெளியே யாரையும் நான் கேட்கவில்லை. என்னிடம் பார்ட்னர் கம்பெனியின் சிம் போட்ட போன் ஒன்று இருந்தது. அதிலிருந்து எங்கள் சிம்முக்கு ஒரு மெசேஜ் தட்டினேன். உடனே வந்தது. டிக் போட்டேன்.

2. செலின் கேட்ட கேள்வி

ரேடியேட்டருக்குத் தண்ணீர் வேண்டுமென்று மணி ஓர் எஸ்டேட் குவார்ட்டர்ஸ் முன்னால் ஜீப்பை நிறுத்தினார். அது ரைட்டர் அருள்தாசின் வீடு. எஸ்டேட்டில் ஆள் வரவு எழுதி வேலை பார்ப்பவர். அவர் மனைவி செலின் குடத்தோடு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். தண்ணீரை மணியிடம் கொடுத்துவிட்டு, என் மடியில் இருந்த போன்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

என்ன கம்பெனி, எதற்கு வந்திருக்கிறோம் என்று விசாரித்தார். அவருடையதும் எங்கள் கம்பெனி சிம்தான். செவ்வாய்க்கிழமையிலிருந்து உங்கள் வீட்டுக்குள்ளேயே டவர் எடுக்கும் என்று பெருமையாகச் சொன்னேன். முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். மலரவில்லை.

“பேசறது கெடக்கட்டுங்க மேடம். மெசேஜ் வருங்களா?”

“எல்லாம் வரும்.”

“இல்லீங்க, மெசேஜ். அது கண்டிப்பா வருங்களா?”

ஏன் இப்படி அழுத்திக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. தத்தெடுக்கப் பதிவு செய்து வருடக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். வரிசையில் அவர்கள் முறை வரும்போது போனுக்கு ஒரு மெசேஜ் வரும். வந்த இரண்டு நாளைக்குள் சரி என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அந்தக் குழந்தை வரிசையில் அடுத்தவர்களுக்குப் போய்விடும்.

வீட்டில் டவர் இல்லாததால் செலின் தினமும் ஐந்து மணிக்கு மேட்டில் இருக்கும் பாறைக்கு ஏறுவார். ஏற்காடு டவுனில் இருக்கும் எங்கள் டவர் அந்தப் பாறையில் மட்டும் எட்டும். ஏற முக்கால் மணி, இறங்க அரை மணி. காட்டெருமை நின்றால் அது நகரும்வரை நிற்க வேண்டும். மழையிலும் போயிருக்கிறார், காய்ச்சலிலும் போயிருக்கிறார். காய்ச்சல் அதிகமான அன்று அருள்தாஸ் போனைக் கொண்டு போயிருக்கிறார்.

எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இவ்வளவு காலம் பச்சைப் புள்ளிகளைத் துரத்தியது இந்த ஒரு வீட்டுக்காகத்தான் என்று தோன்றிவிட்டது.

“இனிமே நீங்க பாறைக்கு ஏற வேண்டாங்க. நான் டெஸ்ட் பண்ணிட்டேன். அடுப்படியில நின்னாலே வரும்.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நொம்ப சந்தோசமுங்க,” என்றார். அந்தக் கை குடத்துத் தண்ணீரில் ஜில்லென்று இருந்தது.

3. சனிக்கிழமை

செவ்வாய்க்கிழமை ரோமிங் திறந்தது. நாகலூரில் போன்கள் எடுக்க ஆரம்பித்தன. மேனேஜர் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கித் தந்தார்.

சனிக்கிழமை டியூட்டியில் நான் தனியாக இருந்தேன். நாகலூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர் புகார் கொடுத்திருந்தார். கால் வருகிறதாம், நெட் ஓடுகிறதாம், பேங்க் ஓ.டி.பி. மட்டும் வரவில்லையாம். இரண்டாவது புகாரும் அதேதான். மூன்றாவதைப் படிக்கும்போதே நாகலூரில் நான் போட்ட டிக் நினைவுக்கு வந்தது.

நான் அனுப்பிய டெஸ்ட் மெசேஜ் பார்ட்னர் சிம்மில் கிளம்பி, பார்ட்னர் டவர் வழியாகவே எங்கள் சிம்முக்கு வந்திருக்கிறது. அந்தக் கிணற்றை விட்டு வெளியே போகவே இல்லை. உண்மையான மெசேஜ்கள் எங்கள் கம்பெனியின் மெசேஜ் சென்டரிலிருந்துதான் வரும். அங்கிருந்து பார்ட்னர் நெட்வொர்க்குக்குள் போகும் வழியை அவர்கள் திறக்கவே இல்லை. ஐந்து நாளாக நாகலூருக்கு வர வேண்டிய மெசேஜ் எல்லாம் எங்கள் சென்டரில் நின்றுகொண்டிருந்தது. போய்ச் சேராததை அது ஒரு வாரம் வைத்திருக்கும், பிறகு அழித்துவிடும்.

செலின் பாறைக்கு ஏறாமல் ஐந்து நாள். கெடு இரண்டு நாள்.

அவர் நம்பரை நான் வாங்கி வைக்கவில்லை. எஸ்டேட் ஆபீஸ் லேண்ட்லைன் செத்து ரொம்ப நாளாகிறது. ஸ்கூட்டியை எடுத்தேன். இருபது கொண்டை ஊசி வளைவையும் எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. டவுனைத் தாண்டியதும் பனி இறங்கிவிட்டது. ஹெட்லைட் போட்டுக்கொண்டு மெல்லப் போனேன். வெள்ளைக்குள் காப்பிப் பூ வாசனை மட்டும் வந்துகொண்டே இருந்தது. எனக்குப் பிடித்த வாசனை. அன்றைக்கு அது பிடிக்கவில்லை. யாரோ ஒரு குழந்தை இவர்கள் பெயருக்கு வந்து, காத்திருந்து, திரும்பிப் போயிருக்கும் என்றே மனம் சொல்லிக்கொண்டிருந்தது. தப்பு என்னுடையது, வேறு யாருடையதும் அல்ல.

4. பாறையில் மூன்று பேர்

நான் சொன்னதை இருவரும் வாசலில் நின்று கேட்டார்கள். செலின் உள்ளே போய்ப் போனை எடுத்து, சேலை முந்தானையில் முடிந்துகொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் நடக்க ஆரம்பித்தார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

முக்கால் மணி நேர ஏற்றத்தை அன்றைக்கு அரைமணியில் ஏறிவிட்டோம். பாறையின் மேல் பனி நகர்ந்துகொண்டிருந்தது. போனை வாங்கி, பார்ட்னர் நெட்வொர்க்கை விட்டு எங்கள் நெட்வொர்க்குக்கு நான்தான் கையால் மாற்றினேன். சிக்னலில் ஒரு புள்ளி வந்தது. இரண்டாவது வந்தது. பிறகு மெசேஜ்கள் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன.

அருள்தாஸ் ஒவ்வொன்றாக வாசித்தார். ரீசார்ஜ் ஆஃபர். ரேஷன் கடை. கேஸ் சிலிண்டர். மறுபடி ரீசார்ஜ். மொத்தம் ஏழு. பத்து நிமிடம் காத்திருந்தோம். எட்டாவது வரவில்லை.

“அப்பாடா,” என்றேன். என்னையறியாமல் வந்துவிட்டது. “ஒண்ணும் தவறிப் போகலைங்க.”

அதைச் சொன்ன பிறகுதான் செலின் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை. பாறையில் உட்கார்ந்து, பாதத்தில் குத்தியிருந்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

“பயந்துட்டேதான் ஏறுனேங்க்கா. ஆனா வந்திருக்கும்னும் நெனச்சுட்டேன்.”

மேடம் எப்போது அக்காவானேன் என்று நான் கவனிக்கவில்லை. என் நிம்மதியும் அவர் ஏமாற்றமும் ஒரே மெசேஜ்தான், வராத அந்த ஒரு மெசேஜ். பக்கத்தில் உட்கார்ந்தேன். அருள்தாஸ் தன் செருப்பைக் கழற்றி மனைவியின் காலடியில் வைத்தார்.

5. கையெழுத்து

திங்கட்கிழமை நடந்ததை அப்படியே ரிப்போர்ட்டாக எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“கால் போகுது, நெட் போகுது. மெசேஜ் மட்டும்தானேம்மா? பார்ட்னர் மேல எழுதிட்டுப் போ. நீ டெஸ்ட் பண்ணலைன்னு நீயே ஏன் எழுதற?”

“கையெழுத்து என்னுது சார்.”

“இன்க்ரிமென்ட்டும் உன்னுதுதான்,” என்றார். மனிதர் பொய் சொல்லவில்லை, அந்த வருடம் அது வரவில்லை. ஆனால் என் ரிப்போர்ட்டை மாற்றாமல் மேலே அனுப்பினார். அதற்காக அவருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

பார்ட்னர் வழியைத் திறக்கப் பன்னிரண்டு நாள் ஆனது. அதுவரை மெசேஜ் வராது, வேண்டியவர்கள் பாறைக்குப் போங்கள் என்று மளிகைக் கடையில் நானே எழுதி ஒட்டினேன். செலின் மறுபடி ஏற ஆரம்பித்தார். தினமும் ஐந்து மணி ஆனால் எனக்கு ஆபீசில் வேலை ஓடாது.

திறந்த அன்று மறு சோதனையை அவர் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். சேலத்திலிருந்து ஒரு சக ஊழியர் மெசேஜ் அனுப்புவார், அது வெறும் டெஸ்ட் என்று மூன்று முறை சொல்லி வைத்தேன். செலின் மாவு பிசைந்துகொண்டே தலையாட்டினார். போன் சத்தம் போட்டது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்து எடுத்தார். ‘டெஸ்ட் ஒன்று’ என்று இருந்தது.

“டெஸ்ட்டுன்னு தெரியுமுங்க்கா. இருந்தாலும் ஓடி வந்துட்டேன் பாருங்க,” என்று சிரித்தார்.

பிள்ளைகளே, அதற்குப் பிறகு நான் வெளியிலிருந்து ஒருவர் அனுப்பாமல் ‘உள்ளே வரும் மெசேஜ்’ கட்டத்தில் டிக் போட்டதில்லை. டவரின் கீழே நின்றுகொண்டு நம் போனுக்கு நாமே அனுப்பிக்கொள்வது சோதனை ஆகாது. இன்னொன்று: கஸ்டமர் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டால், மூன்றாவது முறை அதை நீங்களே உங்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் செக்லிஸ்ட்டில் இல்லாதது அவருக்குத் தெரிந்திருக்கும்.

6. எப்போது வந்தது

மிளகு பறிப்பு நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் செலின் என்னைக் கூப்பிட்டார். முதலில் மூச்சு மட்டும் கேட்டது.

“அக்கா, பொண்ணுங்க்கா. பத்து மாசமுங்க. போட்டோ பாத்துட்டோம். இவரு சரின்னு அப்பவே அமுத்திட்டாருங்க.”

ஏதாவது நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். இத்தனை வருட வேலை வாயில் புகுந்துகொண்டு வேறொன்றைக் கேட்டது.

“மெசேஜ் எத்தனை மணிக்கு வந்துச்சு செலின்? உடனே வந்துச்சா, லேட்டா வந்துச்சா?”



“லேட்டுதாங்க்கா,” என்றார் செலின். “நாலு வருசம் லேட்டு.”

சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை. நான் இரண்டும் செய்தேன். பிறகு ரொம்ப நேரம் பேசாமலேயே இருவரும் போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம். லைன் நன்றாக இருந்தது.