படித்தேன், எல். டி.

லெமுவெல் தாக்ஸ்டரின் கல்லறையில் 'கடற்படை அதிகாரி' என்று செதுக்கியிருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றுகிறார்கள். எந்தப் போரில் சண்டை போட்டார் என்று என்னிடமே இரண்டு பேர் கேட்டாயிற்று. விரிகுடாவின் அக்கரைக்குப் படகில் போய்ச் சேர்வதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுக்கிற மனிதர் அவர்! எங்கள் செட்ஜ்போர்ட் துறைமுகத்தில் அவர் பார்த்த சுங்கப் பதவிக்கு அதுதான் பெயர். படையும் கிடையாது, பீரங்கியும் கிடையாது. சுங்க அலுவலகத்தில் ஒரு மேசை, அவ்வளவுதான். சுங்கத் தலைவர் கையெழுத்துப் போடும் காகிதங்களைத் தானும் படித்துப் பார்த்து, கீழே இன்னொரு கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் கண்ணுக்குத் தப்பியது இன்னொருவர் கண்ணில் படட்டும் என்பதற்காகத்தான் அந்தப் பதவியே.

நான் எப்சிபா க்ரோவெல். அவருடைய 'சாட்சி' பத்திரிகையில் பதினாறு வருஷம் அச்சுக் கோத்தவள். அவரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இருக்கிறது, ஆத்திரமும் இருக்கிறது. இரண்டையும் மறைக்கப் போவதில்லை.

தோல் பதனிடுகிறவரின் மகன் அவர். பள்ளிக்கூடம் போனது மூன்று குளிர்காலம். கடையில் மீன் சுற்றிக் கொடுத்த பழைய பத்திரிகைகளைப் பிரித்துவைத்துப் படித்தே எழுத்துக் கற்றுக்கொண்டாராம். இருபத்தாறு வயதில் சொந்த அச்சகம். அங்கே பிழை பார்க்க எடுக்கும் ஒவ்வொரு ப்ரூஃபையும் மூன்று தடவை படிப்பார். முதல் தடவை வார்த்தைக்காக, அடுத்தது எழுத்துக்காக, மூன்றாவது தடவை கடைசி வரியில் ஆரம்பித்து மேலே போவார். முடித்ததும் மூலையில் பென்சிலால் 'படித்தேன், எல். டி.' என்று எழுதுவார். அது இல்லாமல் ஒரு கல்யாண அழைப்புகூட எங்கள் அச்சகத்தின் வாசலைத் தாண்டியதில்லை. அந்த ப்ரூஃப்களைச் சுவரில் இருந்த கம்பியில் குத்திவைப்பது என் வேலை.

'சாட்சி'யின் முதல் பக்கத்து இடது மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். "கடற்படை அதிகாரி நேற்று அலுவலகம் வந்த நேரம்" என்று போட்டு, எதிரே பெரும்பாலும் ஒரு கோடு. அப்போது பதவியில் இருந்தவர் கேப்டன் ரட். வேட்டை நாய்களைக் கட்டிக்கொண்டு காட்டிலேயே கிடந்தவர். பதினோரு வருஷம் விடாமல் அந்தக் கட்டம் வந்தது. பொறுக்க முடியாமல் ஒருநாள் கைத்தடியை ஓங்கிக்கொண்டு அச்சகத்துக்கே வந்துவிட்டார் கேப்டன். முதலாளி அசரவில்லை.

"வாங்க கேப்டன். மணி பத்தே கால். வந்த நேரத்தைக் குறிச்சுக்கறேன். ஆனா உங்க ஆபீஸ் எதிர்த்த தெருவுல இல்ல இருக்கு?"

கைத்தடியைக் கீழே இறக்கிவிட்டுக் கேப்டனே சிரித்தார்.

அந்த வருஷத் தேர்தலில் எங்கள் கட்சி ஜெயித்தது. ஜெயித்தவருக்காகத் தொண்டை கிழியக் கத்திய பத்திரிகைக்காரர்களுக்கு ஆளுக்கொரு பதவி கிடைத்தது. மார்ச் மாதம் வாஷிங்டனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. முதலாளி அதைப் படித்துவிட்டு என் பக்கம் வந்தார்.

"எப்சிபா, அந்தக் கட்டத்தைக் கலைச்சுடு."

"ஏன் முதலாளி? கேப்டன் செத்துட்டாரா?"

"பதவி போயிடுச்சு. எனக்குக் குடுத்திருக்காங்க."

கையில் கோத்துவைத்திருந்த பத்து வரியும் தரையில் கொட்டியது.

"கட்டம் இருக்கட்டுமே. உங்க நேரத்தைப் போடலாம்" என்றேன்.

"வாயாடி" என்று சிரித்தார். மறுநாள் பத்திரிகையில் கட்டம் இல்லை.

அச்சகத்தைத் தங்கை மருமகன் கையில் கொடுத்துவிட்டு, பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டுப் போட்டுக்கொண்டு அலுவலகம் போனார். மீன் மேடைப் பெண்கள் சும்மா விடுவார்களா? "அட்மிரல் ஐயா, இந்தக் காட் மீனுங்க சண்டைக்கு வருது, கொஞ்சம் அடக்கிட்டுப் போங்க!" என்று கூவுவார்கள். அவரும் விறைப்பாக நின்று மீன்களுக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுப் போவார். முதல் வருஷம் எல்லாக் காகிதத்தையும் படித்தார் என்று சத்தியம் செய்வேன். சரக்குப் பட்டியலில் இருந்த எழுத்துப் பிழைகளைக்கூடத் திருத்தி அனுப்பிவைத்து, கப்பல் தலைவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்.

இரண்டாம் வருஷம் கையெழுத்துப் போட்டுப் போட்டே கை வீங்கிவிட்டது. ஒரு மத்தியானம் அச்சகத்துக்கு வந்து, பொட்டலம் ஒன்றைப் பிரித்து என் மேசைமேல் வைத்தார். மரத்தில் செதுக்கிய பிளாக். எழுத்தைத் திருப்பிப் படித்தே பழகிய கண் எனக்கு. பார்த்ததும் தெரிந்துவிட்டது, அவருடைய கையெழுத்து.

"ஆரோக்கியச் சீட்டுக்கு மட்டும்தான். ஊர்ல தொத்துநோய் இல்லைன்னு ஒவ்வொரு கப்பலுக்கும் குடுக்கறோமே, அது. வருஷம் பூரா ஒரே வாசகம். ஐந்நூறு தடவை எதுக்கு எழுதறது?"

"கையெழுத்தை அச்சடிக்கலாமா, முதலாளி?"

"என் கையெழுத்துதானே? நான் சொல்றேன், அடி."

கோத்தேன். 'இத்துறைமுகத்திலோ ஊரிலோ தொற்றுநோய் எதுவும் இல்லை எனச் சான்றளிக்கிறோம்.' அதன் கீழே சுங்கத் தலைவருக்கு வெற்றிடம், அதற்கும் கீழே பிளாக். மூன்று தடவை படித்தார். ஒரு கால்புள்ளியை எடுத்தார். மூலையில் எழுதினார்: 'படித்தேன், எல். டி. ஐந்நூறு அடிக்கவும்.' நானும் படித்தேன். வரப்போகிற நாளைப் பற்றி இன்றைக்கே சத்தியம் செய்கிற காகிதம் அது. அன்றைக்கு நான் ஏன் மாட்டேன் என்று சொல்லவில்லை? அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

ஜனவரியில் கயிற்றாலைத் தெருவில் பெரியம்மை வந்தது. ஆறு வீடு, இரண்டு சாவு. 'சாட்சி'யின் மூன்றாம் பக்கத்தில் நான்தான் அந்தச் செய்தியைக் கோத்தேன். அதே வாரம், அந்தத் தெருக்காரன் ஒருவனை மாலுமியாகச் சேர்த்துக்கொண்டு ஒரு பாய்மரக் கப்பல் வடக்கே கேப் பிரெட்டன் தீவுக்குப் புறப்பட்டது. சுங்க அலுவலகக் குமாஸ்தா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சீட்டை உருவி, கப்பலின் பெயரை எழுதினான். கீழே அதிகாரியின் கையெழுத்து ஏற்கெனவே இருந்ததால், அவர் பார்த்துவிட்டார் என்று நம்பிச் சுங்கத் தலைவர் மேலே தன் கையெழுத்தைப் போட்டார்.

ஏப்ரலில் அந்தத் தீவின் மீனவக் குடியிருப்பு ஒன்றிலிருந்து பாதிரியார் கடிதம் எழுதினார். எங்கள் சீட்டை நம்பிக் கப்பலைக் கரையில் சேர்த்திருக்கிறார்கள். மாலுமிகளை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டிருக்கிறார்கள். நாற்பத்தொரு பேர் செத்துப்போனார்கள். பெயர்ப் பட்டியலோடு அந்தச் சீட்டையும் திருப்பி அனுப்பியிருந்தார்.

வாஷிங்டனிலிருந்து இரண்டு பேர் விசாரணைக்கு வந்தார்கள். சீட்டை அச்சடித்தவள் என்று என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். முதலாளி சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது நான் போட்ட கையெழுத்து இல்லை. அச்சு மை. என் பேனா இந்தக் காகிதத்தைத் தொட்டதே இல்லை."

"அப்ப யார் போட்டது?"

"அச்சகத்துல கேளுங்க" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

பதினாறு வருஷம் அவர் எழுதியதை எழுத்து எழுத்தாகப் பொறுக்கிக் கோத்த விரல்கள் மடியில் சில்லிட்டுக் கிடந்தன. விசாரணைக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, அதிகாரியோட கையெழுத்தை அச்சடிச்சா அது கள்ளக் கையெழுத்து. ஜெயிலுக்குப் போகணும், தெரியுமில்ல? யார் சொல்லி அடிச்சே?"

"அவர் சொல்லித்தான்."

"அதுக்கு ஆதாரம்?"

"கம்பியில குத்தியிருந்தது. காலையிலயே எடுத்துட்டு வந்துட்டேன்."

நாலாக மடித்த ப்ரூஃபைப் பையிலிருந்து எடுத்தேன். விசாரணைக்காரர் கையை நீட்டினார். எனக்கு அவரிடம் கொடுக்கத் தோன்றவில்லை. நேராகப் போய் முதலாளிக்கு முன்னால் வைத்தேன்.

"ஒரு தடவை படிச்சுப் பாத்துடுங்க, முதலாளி."

பழக்கதோஷம், கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஒரு தடவை படித்தார். இரண்டாவது தடவை படித்தார். மூன்றாவது தடவை கடைசி வரியில் ஆரம்பித்தார்; முதலில் அவர் பெயர், பிறகு மேலே அந்த வாசகம். உதடு அசைந்தது. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இந்தப் பொண்ணு மேல தப்பு இல்லை. பென்சில் எழுத்து என்னுதுதான்" என்றார். பென்சில் எழுத்தின் மேல் விரலை வைத்து, "படிச்சேன்னு எழுதியிருக்கேன். படிக்கலை" என்றார்.

அன்று சாயங்காலமே பதவி போயிற்று. அவர் மாதிரி நேர்மையான மனிதர் உண்டா என்று ஊர் இன்றைக்கும் பேசுகிறது. பேசட்டும். 'அச்சகத்துல கேளுங்க' என்று சொன்னதும் அதே வாய்தான். இரண்டையும் கேட்டவள் நான்.

மறுநாள் பித்தளைப் பொத்தான் இல்லாத பழைய கோட்டில் அச்சகத்துக்கு வந்தார். முதல் பக்கத்து இடது மூலையில் பழைய கட்டம் இருந்த இடத்தை நீட்டி, நாற்பத்தொரு பெயரையும் போடச் சொன்னார். மேலே தன் பெயரையும் பதவியையும் போடச் சொன்னார். மருமகன் குறுக்கே பேச வாயைத் திறந்தான். அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். நான் கோத்து, ப்ரூஃப் எடுத்துக் கொடுத்தேன்.

ஜன்னல் ஓரம் நின்று மூன்று தடவை படித்தார்.

"எப்சிபா, பாதிக்குக் கீழே எம் எழுத்தெல்லாம் ஒரு மாதிரி இருக்கே? டபிள்யூவைத் திருப்பிப் போட்டிருக்கியா?"

"ஆமா முதலாளி. எல்லாரும் மெக்நீல், மெக்லீன், மெக்கின்னன். எம் தீந்துபோச்சு."

"பெட்டியில அத்தனை எம் இருந்துதே?"

"இருந்துது. பத்தலை."

அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பென்சில் கையில் இருந்தது, மூலையில் எதுவும் எழுதவில்லை. முதல் பெயரில் விரலை வைத்து, நாலாவது தடவையாகப் படிக்க ஆரம்பித்தார்.