பார்வோன் போட்ட அரைப்பேர்

என் மாமா சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் ரூம் சுத்தம் செய்துகொண்டிருந்தார். கூட வேலைசெய்த வேதக்காரக் கூட்டாளி ஒருவர் அவருக்குப் பைபிளில் வரும் எகிப்துக் கதையைச் சொல்லியிருக்கிறார். கொடுங்கோல் அரசன் பார்வோன், அவனிடம் அடிமைப்பட்டுச் செங்கல் அறுக்கும் சனங்கள். வேறு யாராவது கேட்டிருந்தால் அழுதிருப்பார்கள். மாமா அதைச் சிரிப்புப் படமாக எடுக்கப்போவதாக அறிவித்தார்.

லீவு கிடைத்தபோதெல்லாம் றத்தோட்டைக்கு மேலே நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்துக்கு வந்து, போனிலேயே படம் பிடித்தார். ஹோட்டலில் கழித்துப்போட்ட படுக்கை விரிப்புகள் எகிப்து உடையாயின. பார்வோனும் அவரேதான். நான், அரசனைத் தண்டிக்கக் கடவுள் ஏவிவிட, அவன் சோற்றுத் தட்டில் குதிக்கும் தவளை. எட்டு வயதில் ஒரு பெண்பிள்ளைக்கு வேறென்ன கௌரவம் வேண்டும்?

“ஆளுங்க சிரிச்சிட்டாங்கன்னா ஹோட்டல் வேலைய விட்டுட்டு கொழும்புக்குப் போயிருவேன், அக்கா. இனிப் படந்தான் நமக்குப் பொழப்பு” என்றார் அம்மாவிடம்.

அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். “மொதல்ல சிரிக்க வை” என்றாள்.

ஒரு ஞாயிறு மாலை, இரவல் வாங்கிய புரொஜெக்டரில், வாசிகசாலைச் சுவரில் படம் ஓடியது. என் தவளைக்கு யாரும் சிரிக்கவில்லை. பார்வோனின் தாடி கழன்று விழுந்ததற்கும் சிரிப்பில்லை. மாமாவுக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் துருப்புச்சீட்டு இன்னும் வரவில்லை என்ற தைரியத்தில் நின்றார்.

அது வந்தது. ஒருத்தி செங்கல் சுமந்து வருகிறாள். பார்வோன், எங்கள் தோட்டத்துத் துரை மாதிரியே இடுப்பில் கைவைத்து, “கல்லு கொறையுது. இவளுக்கு அரைப்பேர் போடு!” என்கிறான்.

கொழுந்து நிறை குறைந்தால், முழுநாளும் மலையில் நின்றவளுக்குப் பாதி நாள்தான் பதிவார்கள். அதுதான் அரைப்பேர். எகிப்து அரசன் வாயில் அந்த வார்த்தை வந்ததும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பார்த்தால், நான் மட்டும்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். பெண்கள் அசையாமல் இருந்தார்கள். பின்னாலிருந்து ஒருத்தி சுவரைப் பார்த்து, “இந்த வெயில்ல கொழுந்துக்கு நாங்க எங்கங்க தொரை போறது?” என்றாள். செங்கல்லை அவள் மறந்தே போனாள்.

மாமா படத்தை நிறுத்திவிட்டார். மானம் கப்பலேறிவிட்டது என்று அவர் முகமே சொன்னது. எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது.

லயத்து வீட்டில் எங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டே அம்மா கேட்டாள்: “அந்தக் கல்லு சொமந்த பொம்பள, கடைசியில அங்கேருந்து போயிட்டாளா?”

“கதைல கடல் ரெண்டாப் பொளந்து வழி விடும், அக்கா. எல்லாரும் அதுக்குள்ளால போயிருவாங்க. அத நான் எடுக்கல. கடலுக்கு எங்க போறது?”

“அவளுந்தானே போவா?”

“அவளுந்தான்.”

“பிள்ளைங்களயும் கூட்டிக்கிட்டு?”

“ஆமா, எல்லாரையுந்தான்.”

அம்மா என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

மறுநாள் மாமா சீகிரியாவுக்கே பஸ் ஏறினார். படம் எடுக்கும் பேச்சை அதன்பின் அவர் எடுக்கவேயில்லை. தன் மனம் நோகக் கூடாதென்று அக்கா சும்மா கதை கேட்கிறாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மா வழி கேட்டிருக்கிறாள் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே விளங்கவில்லை.